மேசையில் அடங்காத நெப்டியூன்

புது தில்லி
24.11.2025, திங்கள்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு சுபாஷிணிக்கு,

நேரில் கேட்டால் பேசியே நழுவிவிடுகிறாய். ஆகவே எழுதிக் கேட்கிறேன். நீயும் எழுதியே பதில் சொல். தமிழில்.

சனிக்கிழமை அறிவியல் கண்காட்சியில் சூரியக் குடும்ப மாதிரி உன் பொறுப்பு. சிறப்பு விருந்தினர் வந்து பார்த்தபோது அந்த நீள மேசையில் மஞ்சள் பூசிய கால்பந்து ஒன்று மட்டும் இருந்தது. பக்கத்தில் உன் கையெழுத்தில் ஓர் அட்டை: ‘மற்ற எட்டுப் பேரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள். நடந்து வந்து பார்க்கவும்.’ அவர் என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது?

வெள்ளிக்கிழமைக்குள் மன்னிப்புக் கடிதம் என் மேசைக்கு வர வேண்டும். வராவிட்டால் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவுக்கு உன் பெயரைப் பரிந்துரைக்க மாட்டேன். சுபாஷிணி என்றால் இனிமையாகப் பேசுபவள் என்று பொருள். பெயரைக் காப்பாற்று.

ஹம்சா
துணை முதல்வர்


ஆர்.கே.புரம்
25.11.2025, செவ்வாய் (கிழமை, கோள் அல்ல)

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு வணக்கம்.

முதலில் மன்னிப்பு, என் கையெழுத்துக்காக. தில்லியில் பிறந்தவளைத் தமிழில் எழுதச் சொன்னதே பாதித் தண்டனை. மீதிப் பாதி, படிக்கிற உங்களுக்கு.

வெள்ளிக்குள் என்கிறீர்கள். எந்தக் கணக்கில், மேடம்? வாரத்தில் வியாழன் போனால் வெள்ளி. வானத்தில் புதன் போனாலே வெள்ளி. நீங்கள் வானத்துக் கணக்கு வைத்திருந்தால் வம்பு என்று இன்றே எழுதுகிறேன்.

நம் மாதிரியில் எட்டுக் கோள்களும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்தன. இடைவெளி தப்பு என்று அறிவியல் பாடம் எடுக்கும் ஜெயராம் சாரிடம் சொன்னேன். “மேசை அவ்வளவுதாம்மா. அட்ஜஸ்ட் கர்லோ” என்றார். சார் தங்கமானவர். ஆனால் நெப்டியூன் அட்ஜஸ்ட் செய்யாது.

சூரியன் கால்பந்து என்றால் பூமி ஒரு கடுகு. அந்தக் கடுகை மேசையில் வைத்தால் பொய். ஹால் கதவைத் தாண்டிக் குடிநீர்க் குழாயடிச் சுவரில் ஒட்டினால் உண்மை. ஒட்டினேன். வெள்ளியும் கடுகு, புதனும் செவ்வாயும் கசகசா. அம்மா இன்னும் டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறாள். வியாழன் ஒரு நெல்லிக்காய். கணக்குப்படி அதன் இடம் பள்ளி வாசல். ஆகவே வாட்ச்மேன் வடிவேல் அண்ணனிடம் “பத்திரமா வச்சிருங்கண்ணே” என்று கொடுத்தேன்.

அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு போனால் சனி. அட்டை வளையம் மாட்டிய கோலிக்குண்டு. அந்த இடத்தில் டீக்கடை இருந்தது. “பையா, யே ஷனி ஹை, சம்பால்கே ரக்னா”, அதாவது இது சனி, பத்திரம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்குச் சனிக்கிழமை வேறு. அவர் பயபக்தியோடு அதன் தலையில் கடுகெண்ணெய் ஊற்றி, ஊதுபத்தியும் ஏற்றிவிட்டார். யுரேனஸ், நெப்டியூன் இரண்டும் காய்ந்த பட்டாணி. ஒன்று பஸ் ஸ்டாப் கம்பத்தில். கடைசி ஒன்று மலை மந்திர் முருகன் கோயில் படிக்கட்டின் அடியில்.

நான் எதையும் கெடுக்கவில்லை, மேடம். நம் பள்ளியில் முதல் தடவையாக அவற்றை ஒருத்தி சரியாக வைத்தாள். சரியாக வைத்தவள் மன்னிப்புக் கேட்டால், தப்பாக வைத்ததற்கு யார் கேட்பது?

கீழ்ப்படியாவிட்டாலும் மரியாதை குறையாத,
சுபாஷிணி


26.11.2025

சுபாஷிணிக்கு,

உன் கடிதத்தில் ஒரே ஒரு மன்னிப்பு இருக்கிறது. அது கையெழுத்துக்கு. அதை ஏற்றுக்கொள்கிறேன், அவசியமான மன்னிப்புத்தான்.

ஜெயராம் சாரை இழுக்காதே. காற்று இவ்வளவு மோசமாக இருக்கையில் பிள்ளைகள் வெளியே நிற்கக் கூடாது, எல்லாம் ஹாலுக்குள், மேசைமேல் அடங்க வேண்டும் என்று சொன்னவள் நான். அன்று நீ என்ன செய்தாய்? எழுபது வயது விருந்தினர் இருமிக்கொண்டே உன் கோள்களைத் தேடி வாசல் வரை நடந்தார். அங்கே வியாழனும் இல்லை, வாட்ச்மேனும் இல்லை. கேட் திறந்து கிடந்தது.

கீழே உள்ளதை எழுதிக் கையெழுத்திடு. ஒரு சொல் கூட்டாதே, குறைக்காதே.

‘விளையாட்டுப் புத்தியால் மாதிரியைச் சிதைத்தேன். கோள்களைத் தவறான இடங்களில் வைத்தேன். வருந்துகிறேன்.’

ஹம்சா


27.11.2025

மேடம் அவர்களுக்கு,

இன்று சிரிக்க வைக்க எழுதவில்லை.

கேட்டில் மூன்று நாளாகப் புது ஆள் நிற்கிறார். வடிவேல் அண்ணன் லீவு என்று நினைத்தேன். பள்ளி விட்டதும் முனிர்காவில் அவர் அறைக்குப் போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“நெல்லிக்கா எங்கண்ணே?”

“தின்னுட்டேன் பாப்பா. காலைல ஒண்ணும் சாப்பிடல. பாக்கெட்ல உப்புப் பொட்டலம் வேற இருந்துச்சு.”

“அண்ணே, அது வியாழன்!”

“பத்திரமா வச்சிருங்கன்னுதானே சொன்ன? வயித்தவிடப் பத்திரமான இடம் எது?” என்று சிரித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். “ஒரு பொண்ணு வந்து, அது கண்காட்சி சாமான்னு சொல்லிச்சு. பெரியவரு வர்ற நேரம், பாப்பா மானம் போயிடுமேன்னு, வேற ஒண்ணு வாங்கலாம்னு காய்கறி வண்டிக்கு ஓடினேன். அதுக்குள்ள ஜல்தியா கார் வந்துடுச்சு.”

இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

இதற்கு மன்னிப்பு உண்டு, மேடம். கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிட்டேன். “போ பாப்பா, குரு பகவானையே முழுங்கிட்டேன், சும்மா விடுவாரா?” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கே வரவில்லை.

அறிவியல் பிரிவு வேண்டாம். என் தண்டனையை எனக்குக் கொடுங்கள். நான் வைத்த கோளுக்காக அவர் ஏன் வேலை தேடித் தில்லியைச் சுற்ற வேண்டும்? ஆனால் நீங்கள் சொன்ன வாக்கியத்தை எழுத மாட்டேன். அதில் ‘வருந்துகிறேன்’ தவிர எல்லாம் பொய்.

சுபாஷிணி


28.11.2025, வெள்ளி

சுபாஷிணிக்கு,

வடிவேலை நிறுத்தியது நிர்வாகக் குழு. விருந்தினர் வரும் நேரத்தில் வாசலை விட்டுப் போனது அலட்சியம் என்று குறித்திருக்கிறார்கள். நாளை காலை மறுபடி கூடுகிறார்கள். ஒரு மாணவியின் குறும்பால் வந்த வினை என்று உன் கையெழுத்தோடு தாள் இருந்தால், நான் அவருக்காகப் பேசிப் பார்க்கலாம். ‘நான் வைத்ததே சரி’ என்று எழுதிக் கொடுத்தால் அவர்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்புவார்கள்.

மதியத்துக்குள் வேண்டும். முடிவு உன்னுடையது.

ஹம்சா


28.11.2025, மதியம்

முதல் தாள்

விளையாட்டுப் புத்தியால் மாதிரியைச் சிதைத்தேன். கோள்களைத் தவறான இடங்களில் வைத்தேன். வருந்துகிறேன்.

சுபாஷிணி, 10 ஆ

இரண்டாம் தாள்

மேடம்,

முதல் தாளில் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அது பொய். கையெழுத்து மட்டும் நிஜம். அது வடிவேல் அண்ணனுக்காகப் போட்டது. உங்களுக்காகவோ, அறிவியல் பிரிவுக்காகவோ போட்டதாக நினைத்துவிடாதீர்கள்.

இன்று காலை புகையில் சூரியனே தெரியவில்லை. அதற்காக அது எந்த மேசைக்கும் இறங்கி வந்துவிடவில்லை. பூமி இன்னும் குழாயடியில்தான் ஒட்டியிருக்கிறது. தண்ணீர் பிடிக்கிற சின்னப் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்து, “இத்தனூண்டா?” என்கிறார்கள். நான் அதை எடுக்க மாட்டேன். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று காலைக் கூட்டத்தில் சொன்னது நீங்கள்தான்.

சுபாஷிணி


1.12.2025, திங்கள்

சுபாஷிணிக்கு,

வடிவேல் இன்று கேட்டில் நிற்கிறார். வரும்போதே பார்த்திருப்பாய். நீ போட்ட கூச்சல் என் அறை வரை கேட்டது.

உன் முதல் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கூட்டத்தில் அதை நான் வெளியே எடுக்கவில்லை. பொய் என்று நீயே எழுதிக் கொடுத்த பிறகு அதை நீட்டினால், அது என் பொய். மேசைக்குள் அடக்கச் சொன்னது நான், எல்லாம் அங்கே தொடங்கியது என்று சொன்னேன். பசித்தவன் ஒரு நெல்லிக்காய் தின்றதற்கு வேலையைப் பறிப்பதா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. டீ கொண்டுவந்த பையன் திரும்பிப் போய்விட்டான்.

அறிவியல் பிரிவுக்கு உன் பெயரை எழுதிவிட்டேன். பரிசு என்று நினைக்காதே. சரித்திரப் பிரிவுக்கு அனுப்பினால் குதுப்மினாரை எங்கே கொண்டுபோய் வைப்பாயோ என்ற பயம்.

நேற்று முகமூடி போட்டுக்கொண்டு பள்ளியிலிருந்து நடந்தேன். டீக்கடைக்காரர் உன் சனிக்கு இப்போது சாமந்தி மாலை போட்டிருக்கிறார். கம்பத்தில் பட்டாணி இருந்தது. அதற்கப்புறம் நடந்தேன், நடந்தேன், வழியில் ஒன்றுமே இல்லை. இருபது வருடமாக இதைப் படத்தில் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன். இவ்வளவு வெறுமை என்று என் முட்டிக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

படிக்கட்டடியில் உன் நெப்டியூன் இல்லை. கோயில் மயில் ஒன்று அங்கேயே நின்று என்னைப் பார்த்தது. முருகனின் வாகனத்துக்கு மெமோ கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. பக்கத்து மளிகைக் கடையில் காய்ந்த பட்டாணி வாங்கி, அதே இடத்தில் ஒன்றை வைத்துவிட்டு வந்தேன். மீதி என் இழுப்பறையில் இருக்கிறது. மயில் மறுபடியும் வரும்.

மன்னிப்புக் கடிதம் இன்னும் என் மேசைக்கு வரவில்லை. வெள்ளிக்குள் வேண்டும். எந்தக் கணக்கில் என்பதை நீயே வைத்துக்கொள்.

ஹம்சா