மீட்டர் வேண்டாம் என்றேன்

மார்ச் 4
பட்டறைச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தம்பி இரண்டு தடவை கேட்டான். தரவில்லை.
"அண்ணே, நீ டியூன் பண்ணி அனுப்பின பைக் மூணும் திரும்பி வந்துருச்சு. உனக்குக் காது மந்தம். இனிமே முன்னாடி சேர் போட்டு உக்காரு, போதும்." சொன்னது வாடிக்கையாளர்கள் முன்னால்.
அவனுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நான். எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே படித்தேன். அந்தக் காதுக்கா மந்தம்?

மார்ச் 7
நைட்ரோ கார் ஒன்று வாங்கினேன். முழங்கை நீளம்தான், ஆனால் உள்ளே இருப்பது நிஜ இன்ஜின். ரிமோட்டில் ஓடும். பெட்ரோல் ஆகாது, அதற்கென்று டப்பாவில் தனி எரிபொருள். இந்த வகையை நான் தொட்டதே இல்லை. அதனால்தான் வாங்கினேன். காதாலேயே டியூன் செய்து பட்டறை வாசலில் ஓட்டிக்காட்டி, என் இடத்துக்குத் திரும்புவேன். முடியாவிட்டால் சாவியைக் கொடுத்துவிடுகிறேன்.
கடைக்காரர், "புது இன்ஜின் பழகணும், முதல் அஞ்சு டேங்க் எரிபொருள் தீருற வரைக்கும் புகையோட மெதுவா ஓட்டணும் சார். சூடு பாக்குற மீட்டர் ஒண்ணு தரட்டா?" என்றார்.
"வேண்டாம். காது இருக்கு."

மார்ச் 8
ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தேன், இன்ஜின் கிளம்பவில்லை. தோள்பட்டை வலி.

மார்ச் 9
புகைக்குழாயை விரலால் அடைத்துக் கயிற்றை இழுத்தால் எரிபொருள் ஏறும். ஏறியது, அளவுக்கு மேல். கயிறு இறுகிக்கொண்டது. பிளக்கைக் கழற்றி, காரைக் கவிழ்த்து இழுத்தேன். காயப்போட்ட துணியெல்லாம் எண்ணெய்.
"அறுபத்தெட்டு வயசுல பொம்மை கார் கேக்குதா உங்களுக்கு?" என்றாள் வீட்டுக்காரி.
பிளக்கை மாட்டி மறுபடி இழுத்தேன். உயிர் வந்துவிட்டது! அடர்ந்த புகை, கடகடவென்று தடித்த சத்தம். நன்றாகக் கேட்டது. எழுதி வைக்கிறேன் — நன்றாகக் கேட்டது.

மார்ச் 12
ஐந்து டேங்க் முடிந்தது. நாளை வேகம்.

மார்ச் 13
ஊசித் திருகை உள்ளே முடுக்கினால் எரிபொருள் குறையும், வேகம் கூடும், சத்தம் கீச்சென்று ஏறும். கால் சுற்று முடுக்கினேன். ஏற வேண்டிய சத்தம் மங்குகிறதே? இன்னும் கால். இன்னும் மங்கியது. இன்னும் கொஞ்சம்.
வீட்டுக்காரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். வாய் அசைந்தது. எதிர்வீட்டு ஜன்னலைச் சாத்தினார்கள். எரிபொருள் போதாததற்கு அடையாளமாய்ப் புகை அடியோடு நின்றிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் காதைத்தான் நம்பினேன். கார் நடுத்தெருவில் நின்றது. கயிறு அசையவில்லை. சூட்டில் பிஸ்டன் இறுகிப் பிடித்துவிட்டது.
"காது கிழியுது, நிறுத்துங்கன்னு கத்துறேன், மேல மேல முடுக்குறீங்களே!"
கிழிஞ்சுதா? எனக்கு ஒண்ணும் கேக்கலயே. ஒண்ணுமே கேக்கல.

மார்ச் 14
கடைக்காரன் கெட்டுப்போன எரிபொருளை என் தலையில் கட்டிவிட்டான்.

மார்ச் 15
சண்டைக்குப் போனேன். என் டப்பாவிலிருந்தே ஊற்றித் தன் காரை ஓட்டிக்காட்டினார். எரிபொருளில் குற்றமில்லை.
அந்த மூன்று பைக்கும் இப்படித்தான் சூடேறி நின்றிருக்குமோ?

மார்ச் 16
எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 2
புது பிஸ்டன் போட்டு, பழையபடி ஐந்து டேங்க் மெதுவாக ஓட்டி முடித்தேன். இன்று வேகம். இன்ஜின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். விழுந்த கணமே மறைந்தால் திருகை வெளியே தளர்த்தினேன். நிதானமாகக் கொதித்து வற்றினால் விட்டுவிட்டேன். சத்தம் கீச்சென்று ஏறினால் கையைத் தூக்கச் சொல்லி வீட்டுக்காரியை வாசலில் நிறுத்தியிருந்தேன். இரண்டு முறை தூக்கினாள்.
கார் தெருமுனை வரை பறந்து திரும்பியது. ஓடுகிறது என்பதைப் புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.
பட்டறைக்கு எடுத்துப் போகவில்லை. சாவியை அவளிடம் கொடுத்தனுப்பினேன். அந்தச் சேரில் உட்கார மாட்டேன், அதையும் சொல்லச் சொன்னேன்.
திரும்பி வந்தவளிடம், "என்ன சொன்னான்?" என்றேன்.
"தம்பி சாவிய வாங்கி ஆணியில மாட்டுனாரு. முன்னாடி போட்டிருந்த சேரை உள்ள எடுத்துப் போட்டாரு."
இதை அவள் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.