சாவி கொடுக்கும் கேமரா

கருமத்தம்பட்டி
7.8.1994

அன்புள்ள அண்ணா,

நலம். அம்மாவும் நலம். தறிகளை விட்டுவிட்டுச் சிங்கப்பூர் போன மகனைப் பற்றி யாராவது விசாரித்தால், அப்பா இன்னும் எழுந்து தறிக்கூடத்துக்குள் போய்விடுகிறார். அந்தச் சத்தத்தில் யார் பேச்சும் எடுபடாது.

எம்.ஏ. முடிப்பதற்குள் ஒரு சின்னப் படம் எடுக்க வேண்டும். அப்பாவைத்தான். சத்தத்துக்கு நடுவே ஆட்களிடம் கையாலேயே பேசுவாரே, அதை. அங்கே பழைய எட்டு மில்லிமீட்டர் கேமரா கிடைக்குமா?

தங்கை
மோகனப்பிரியா

சிங்கப்பூர்
24.8.1994

பிரியா கண்ணு,

பழைய சாமான் கடையில் இரண்டு பார்த்தேன். ஒன்று சூப்பர் எட்டு, பேட்டரியில் ஓடும். லென்ஸ் வழியாகவே பார்க்கலாம், தெரிவதுதான் படம். மற்றது இன்னும் பழையது, சாவி கொடுத்து ஓட்டுவது. பார்க்கும் துவாரம் தனி, லென்ஸ் தனி. தையல் மிஷின் போல் சத்தம். என் யோசனை முதலாவது. வீடியோ கேமரா என்று சொன்னால் கோபித்துக்கொள்வாய்.

அப்பா நிற்பாரா? அவர் முகத்தைப் பார்த்து நான்கு வருடம் ஆகிறது. படத்திலாவது பார்க்கிறேன்.

கிருபாசங்கர்

கருமத்தம்பட்டி
6.9.1994

அன்புள்ள அண்ணா,

சாவி கொடுப்பதே வேண்டும். தறி ஓடும் இடத்தில் கேமராச் சத்தம் யாருக்குக் கேட்கும்? ஒரு சாவிக்கு அரை நிமிடம். அவ்வளவுதான் பார்க்கலாம். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

"என்ர மூஞ்சியப் புடிச்சு என்ன பண்ணப்போறே அம்மணி?" என்றார் அப்பா. "அண்ணன் பாக்கோணுமாம்ப்பா" என்றேன். எழுந்து தறிக்கூடத்துக்குள் போய்விட்டார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

பிரியா

கருமத்தம்பட்டி
20.10.1994

அன்புள்ள அண்ணா,

பிலிம் தனித் தபாலில் வருகிறது. அங்கேயே கழுவிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் கேமரா வந்தது. ஸ்பேனர், தறிநாடா, பாபின்களோடு அதையும் பூஜையில் வைத்திருந்தார்கள். விஜயதசமியன்று எடுத்தேன். "பொட்டத் தொடச்சுப்போடாதே கண்ணு" என்றார் அம்மா. சரி என்று அப்படியே ஆரம்பித்தேன்.

கடைசிச் சாவியில் அப்பா கையசைப்பதை நிறுத்திவிட்டு நேராகப் பார்த்தார். அது உங்களுக்கு.

பிரியா

சிங்கப்பூர்
15.11.1994

கண்ணு,

கடைக்காரர் சுவரில் ஓட்டிக் காட்டினார். ஓரத்தில் தறி ஓடுகிறது. கை அசைகிறது. நடுவில் மஞ்சளாக ஒரு மூட்டம், முதலிலிருந்து கடைசிவரை. அப்பா முகம் வரும் இடமெல்லாம் அதுதான். சட்டை தெரிகிறது. முகம் இல்லை.

மறுபடியும் ஓட்டச் சொன்னேன். நேராகப் பார்த்தார் என்று எழுதியிருந்தாயே.

லென்ஸைப் பார். உன் படம் போயிற்றே என்றுதான் வருத்தம்.

கிருபா

கருமத்தம்பட்டி
28.11.1994

அன்புள்ள அண்ணா,

லென்ஸில் காய்ந்த சந்தனம். துவாரத்தில் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்ததால் முன்பக்கம் நான் பார்க்கவே இல்லை.

அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். "நான் அதத் தொடவே இல்ல கண்ணு. உங்கப்பாதான் பொட்டியப் பிரிச்சு, துண்டுல தொடச்சு, பொட்டு வெச்சாரு. என்னையக் கிட்டயே உடலே."

அப்பாவிடம் கேட்டேன். "மிசினுக்கு அதுதானே மூஞ்சி? அங்கதான் வெக்கோணும்" என்றார்.

படம் கெட்டதைச் சொன்னேன். நீங்கள் இரண்டாம் தடவை ஓட்டச் சொன்னதையும் சொன்னேன். தறியை நிறுத்தினார்.

"மறுபடி நிக்கறேன். ஆனா நீ புடிக்க வேண்டாம்."

"பின்ன யாருங்கப்பா?"

"பொங்கலுக்கு அங்க லீவு உடுவாங்களான்னு எழுதிக் கேளு."

கேட்டுவிட்டேன்.

பிரியா