வெறும் கையோடு வந்த பலகை

அக்கா,

இன்று மத்தியானம் கடைத்தெருவில், பீங்கான் சாமான் வந்த பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வைக்கோலில் சுற்றிய கோப்பைகள். நம் கொட்டகையின் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். உங்கள் குரல் கேட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நீங்கள் மஞ்சள் காமாலையில் போய் ஒரு வருஷம் ஆகிறது. உங்களுக்கு எழுதுவதை நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன்.

நாம் பீங்கான் கொட்டகையில் சேர்ந்து வேலை பார்த்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. உறவுக்காரன் ஒருவன் என்னைப் பலவந்தப்படுத்தியிருந்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது. கோப்பைகளுக்கு வண்ணக்கோடு போடும் வேலைக்குக் கொட்டகைக்கு வந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் முதுகுப் பக்கம் யார் நடந்தாலும் உடம்பு விறைத்துவிடும். சாப்பாட்டு வேளையில் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். நாள் கணக்கில் ஒரே பக்கம். படித்த கதைகளில் என்னைப் போன்ற பெண்கள் கிணற்றிலோ வீட்டுக்குள்ளோதான் முடிந்தார்கள். எனக்குக் கிணறு பிடிக்கவில்லை. மாதம் முடிந்ததும் வேலையை விட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அந்த வாரம்தான் நீங்கள் பின்னாலிருந்து வந்து என் தோளில் கை வைத்தீர்கள். எப்போதும் வைப்பதுதான். நான் துள்ளி எழுந்ததில் பக்கத்துப் பலகை சரிந்து, அச்சிலிருந்து எடுத்த ஈரக் கோப்பைகள் அத்தனையும் தரையில் வெறும் களிமண்ணாகிவிட்டன. மேஸ்திரி ஓடி வந்தார்.

"யார் வேலைம்மா இது?"

"என் வேலைதாங்க. கால் தடுக்கிடுச்சு," என்றீர்கள்.

"தரையில ஒண்ணுமே இல்லியே, எது தடுக்கிச்சு?"

"என் காலேதாங்க. ரெண்டு இருக்குதுல்ல."

எல்லோரும் சிரித்ததில் அவர் கோபம் அடங்கிப்போனது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்ற என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஈரக் கோப்பைப் பலகையைத் தோளில் சுமந்து வருகிறவர்கள் "பலகை வருது, பலகை வருது" என்று குரல் கொடுத்தபடி வருவது நம் கொட்டகை வழக்கம். யாரும் சட்டென்று திரும்பி இடித்துவிடக் கூடாதே. மறுநாள் என் முதுகுக்குப் பின்னால் உங்கள் குரல் அப்படிக் கேட்டது. திரும்பினால், வெறும் கையை வீசிக்கொண்டு வருகிறீர்கள்.

"பலகை எங்கடி?" என்றாள் ஒருத்தி.

"நானே பலகை மாதிரிதான இருக்கேன். ஒடம்புல சதையா இருக்குது?"

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான் வந்தீர்கள். விளையாட்டு என்று நினைத்து மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் குடிக்கப் போகிறவள், சும்மா காலாற நடக்கிறவள், கடைசியில் டீ டம்ளரோடு வந்த மேஸ்திரி, எல்லோரும் பலகை வருது என்றார்கள். யாருக்காக என்று உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மாதம் முடிந்தது. வேலையை விட வேண்டும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

பிறகு ஒருநாள், கோப்பைகள் காயும் வெயிலில் உட்கார்ந்திருந்தபோது, நானாகத்தான் சொன்னேன். ஏன் அங்கே போனாய், ஏன் கத்தவில்லை என்று நீங்கள் எதுவும் கேட்கவில்லை.

"கையப் புடிச்சுக்கவா?" என்றீர்கள். நான் தலையசைத்த பிறகே பிடித்தீர்கள். "அது அவன் பண்ணது. உன்னுது அதுல ஒண்ணும் இல்ல. யார்கிட்ட சொல்றது, வேணாங்கிறது உன் இஷ்டம். எங்க போனாலும் கூட வரேன்."

அன்று சாயங்காலம் திட்டக்குடி பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவள் தூங்கிப்போனேன். அத்தனை கூட்டத்தில், வாயைத் திறந்துகொண்டு. கண் விழித்தபோது கண்டக்டர் உங்களிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க எறங்குற கருவேப்பிலங்குறிச்சி தாண்டி எவ்ளோ நேரம் ஆவுது. எழுப்பக் கூடாதாம்மா?"

"தூங்கட்டுங்க. தூக்கத்துக்கும் சேத்து டிக்கெட்டு போடுங்க."

திட்டக்குடியில் இறங்கி, சூடாகப் போண்டா தின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினோம். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "நான்தான் தூங்கிட்டேன் பெரிம்மா, பாவம் இதுவும் எழுப்பி எழுப்பிப் பாத்துச்சு," என்று ஆரம்பித்தீர்கள். உங்கள் தோளில் என் எச்சில் கறை பளிச்சென்று தெரிந்தது.

இப்போது எந்த பஸ்ஸில் ஏறினாலும் தூங்கிவிடுகிறேன், அக்கா. பக்கத்தில் யார் என்றுகூடப் பார்ப்பதில்லை. போன வாரம் கம்மாபுரத்தில் இறங்க வேண்டியவள் நெய்வேலி வரை போய்விட்டேன். திரும்பி வரும்போதும் தூங்கினேன்.