உங்கள் அத்தியாயம் மட்டும் போதுமாம்

என் பாசத்துக்குரிய பரீதா ராத்தா,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் உங்கள் மேல் இல்லை. நீங்கள் மௌத்தாகி வருடம் ஒன்று ஆகப் போகிறது. நகரத்து இலக்கியக்காரர்கள் உங்களுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு கூட்டத்துக்குக்கூடக் கூப்பிடாதவர்கள்.

ஊர்ப் புதினம் கேட்பீர்கள். துறைமுகத்தை எந்த நாட்டுக்குக் கொடுப்பது என்று பெரியவர்கள் இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். வழக்கம்போல நம்மிடம் கேட்கவில்லை. கடற்கரை மான்கள் இப்போதும் பொலித்தீன் பையைத்தான் மேய்கின்றன.

நம் ஒப்பந்தம் நினைவிருக்கிறதா? ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, இருவரும் நாவல் எழுதத் தொடங்கிய காலம். "என்ட ஆக்கள் செஞ்ச அநியாயத்த நான் எழுதுறன், உன்ட ஆக்கள் செஞ்சத நீ எழுது. மாத்தி எழுதினா அது நாவல் இல்ல, கோள்" என்றீர்கள்.

நீங்கள் எழுதினீர்கள். சண்டைக் காலத்தில் ஊர்க்காவலுக்கு நின்ற உங்கள் ஆட்கள், ஓடிப்போன தமிழர் வீடுகளின் கூரை ஓடுகளைக் கழற்றி விற்றதை எழுதினீர்கள். அதற்காக உங்கள் ஊரான கிண்ணியாவில் எத்தனை வாசல்கள் உங்களுக்குச் சாத்தப்பட்டன! சந்தையில் ஒருவர் மறித்து, "நீங்க யாருட ஆள்?" என்று கேட்டாராம். "வீடு போனவன்ட ஆள்" என்று சொல்லிவிட்டு மீன் விலை கேட்கப் போனீர்களாமே.

நானும் என் நாவலை முடித்துவிட்டேன். எங்கள் இயக்கப் பொடியன்கள் ஒரு முஸ்லிம் மீனவரைத் தோணியோடு கொண்டுபோவதும், எங்கள் ஊரான சல்லியின் கரையில் நின்ற நாங்கள் வலையில் சிக்கெடுப்பதுபோலக் குனிந்துகொள்வதும் அதில் வருகிறது. மலரில் உங்கள் ஓட்டு அத்தியாயத்தோடு சேர்த்துப் போட அந்த அத்தியாயத்தையே கொடுத்தேன். உங்களுக்கு வேறென்ன அஞ்சலி செய்வது?

மலரின் தொகுப்பாளர் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஆள்தான், ஓய்வுபெற்ற அதிகாரி. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு மெல்லத் தொடங்கினார்.

"டீச்சர், எழுத்து திறம். ஆனா இந்த நேரத்தில இது தேவையோ?"

"எந்த நேரத்தில சேர் தேவை? சண்டை நடக்கேக்க இப்ப வேண்டாம் எண்டீங்கள். முடிஞ்சாப்பிறகு பழசைக் கிளறாதேங்கோ எண்டீங்கள்."

"எங்கட ஆக்களை நாங்களே காட்டிக்குடுக்க ஏலாதுதானே."

"அப்ப ராத்தாட அத்தியாயம்?"

"ஓம், அது முழுசா வருது. என்ன துணிச்சலான மனுசி!"

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடமா? உங்கள் ஆட்களை நோக்கி நீங்கள் கேட்ட கேள்வியைப் பிடுங்கி, உங்கள் ஆட்களுக்கு எதிரான சாட்சியாக்குகிறார்கள். செத்த மனுசியால் மறுத்துப் பேச ஏலாது என்ற துணிவு.

இன்னொன்றும் கேளுங்கள். அறிமுகத்தில் நான் "என் ராத்தா" என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "சகோதர இன எழுத்தாளர்" என்று போட்டிருக்கிறார். மரியாதையாம்! அக்காவை உங்கள் ஊரில் எப்படி அழைப்பார்களோ அப்படித்தானே நான் உங்களை அழைத்தேன்? சகோதரி என்றால் சகோதரி. நடுவில் இனத்தை எதற்குக் குந்தவைக்க வேண்டும்?

நேரே உங்கள் மகளிடம் போனேன். "உம்மாட எழுத்த மட்டும் போட நான் உடமாட்டன் சாச்சி. போட்டா ரெண்டையும் போடட்டும்" என்றாள். தொகுப்பாளருக்கும் அதையே சொல்லிவிட்டாள். இப்போது உங்கள் மலர், உங்கள் படத்தோடும் யார் யாருடையவோ கவிதைகளோடும் வரப்போகிறது. உங்கள் அத்தியாயமும் இல்லை, என்னுடையதும் இல்லை.

அச்சில் வராவிட்டால் என்ன, சல்லியில் வாசிக்கிறேன் என்று கிளம்பினேன். அது அங்கே தோணி வைத்திருக்கும் என் தம்பியின் காதுக்குப் போய்விட்டது. "அதை வாசிச்சீங்களெண்டா இனி என்ர வாசல் மிதிக்காதேங்கோ அக்கா" என்றான். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை, ராத்தா. குசினிக்குள் போய் அழுதேன். இதையெல்லாம் நீங்கள் எப்படித் தாங்கினீர்கள்? ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லையே.

ஆனாலும் வாசிப்பேன். நகரத்து மண்டபத்தில் கைதட்டுகிறவர்களுக்கு அல்ல, சல்லிக் கரையில், என் ஆட்களின் முகத்தைப் பார்த்து. கதிரையைத் தம்பியின் வாசலுக்கு நேரே போடுவேன். அவன் கதவைச் சாத்தினாலும் உள்ளே கேட்கும்படி வாசிப்பேன். இது சத்தியம்.

உங்கள் தங்கச்சி,
யோகேஸ்வரி