மேல் டிவிசனுக்கு முதலில்

1957 ஜூன் 14, வெள்ளி

வெள்ளிதோறும் வரும் அரிசி லொறி எப்போதும் தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில் இறக்கிவிட்டு, இருட்டிய பிறகுதான் மேல் டிவிசனுக்கு ஏறும். கீழேயாவது கடைகள் உண்டு, மேலே ஒன்றுமில்லை. வழியை மாற்றச் சொல்லி ஒன்பது வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்தேன். ஆபீசில் எனக்கு மேலுள்ள பெரிய கிளாக்கர் படிக்காமலே ஒதுக்கினார். அன்றிலிருந்து அவரோடு வேலைப் பேச்சு மட்டும்தான்.

இன்று அவர் லீவு. முதலில் இறக்க வசதியாக மேல் டிவிசன் மூட்டைகளைக் கடைசியாக ஏற்றி, முதலில் அங்கே நானே கொண்டுபோனேன்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில், கொழுந்து பறிக்கும் பூங்காவனம் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "என்னங்கய்யா, வெளிச்சத்துலயே வந்துட்டீங்க? வழி தப்பிருச்சா?"

"மத்த வெள்ளிக்கிழமை இவன் எப்ப சாப்பிடுவான்?"

"லொறி வர்றதுக்குள்ள தூங்கிருவான் அய்யா. எழுப்பி ஊட்டுவேன். பாதித் தூக்கத்துலயே மெல்லுவான்."

அடுத்த வெள்ளியும் லொறி இப்படியே போகவேண்டுமானால், பெரிய கிளாக்கரிடம் நான் கெஞ்ச வேண்டும். கெஞ்சுவேன்.