வீட்டுப்பெயர் கேட்கப் போன பயணம்

பாறசாலை,
ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மஞ்சு அக்காவுக்கு ஸ்ரீஹரி எழுதுவது.

அப்பா நலமாக இருக்கிறார். அதை முதலில் மனதில் வாங்கிக்கொள். அவருடைய நெஞ்சுக்கு ஒரு கேடும் இல்லை. இன்று காலையிலும் நாலு தோசை தின்றுவிட்டு, தென்னைக்கு உரம் வைக்க வந்த ஆள் பாதியில் போய்விட்டான் என்று வேலி வரைக்கும் நடந்து சத்தம் போட்டார். இதை ஏன் எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதுகிறேன் என்று கடிதம் முடிவதற்குள் தெரியும்.

நீ என்னை பிளாக் செய்து எட்டு நாள் ஆகிறது. கூப்பிட்டால் போகவில்லை, செய்தி அனுப்பினால் ஒற்றை டிக். அதனால்தான் காகிதம். பொழியூர் ஜெஸ்மி அக்கா லீவு முடிந்து நாளை மறுநாள் உங்கள் மஸ்கட்டுக்குத் திரும்புகிறாள். கடல் அவர்கள் வீட்டு அடுக்களைச் சுவரைத் தொட்டுவிட்டது. சாமான்களையெல்லாம் அண்ணன் வீட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பாடுகளுக்கு நடுவிலும், "எழுதிக் கொண்டு வா மக்கா, அவ கையில கொடுத்திட்டுதான் நான் டூட்டிக்குப் போவேன்" என்றாள்.

நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாயோ அது சரி. நான் வேவு பார்க்கத்தான் போனேன்.

ஏப்ரலில் நீ போனில், உன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் இருக்கும் அஜேஷைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாய். ஊர் அம்பூரி என்றாய். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், வீட்டுப்பேரு என்ன என்று. நீ "வீட்டுப்பேரு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அன்றிலிருந்து அப்பா அந்த ஒரு கேள்வியோடுதான் உட்கார்ந்திருந்தார். தாலுகா ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் சாதிச் சான்றிதழ் விண்ணப்பங்களைச் சரிபார்த்தவர். வீட்டுப்பெயர் தெரிந்தால் மீதியெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும்.

நான் மூன்று வருஷமாகத் தனியாக பைக்கில் மலைப்பக்கம் போய்வர வேண்டும் என்று கெஞ்சியிருக்கிறேன், உனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும், "வேலை இல்லாதவனுக்கு டூர் எதுக்கு" என்பார். போன மாதம் அவரே கூப்பிட்டு, சுனில்குமார் மாமாவின் புல்லட் சாவியைக் கையில் வைத்தார். "போயிட்டு வா. அரண்மனை, அணை எல்லாம் பாரு. திரும்பி வரும்போ அம்பூரி வழியா வா. அந்தப் பையனுக்க வீட்டுப்பேரு மட்டும் விசாரிச்சிட்டு வா, பாக்கி நான் பாத்துக்கிடுவேன்" என்றார். சாவி கையில் இருந்தது அக்கா. நான் வேறெதையும் யோசிக்கவில்லை.

முதல் நாள் களியக்காவிளை தாண்டி, தக்கலை வழியாகப் பத்மநாபபுரம் போனேன். நம் முன்னோர்கள் கணக்கெழுதிய இடம் என்று அப்பா பெருமையாகச் சொல்வாரே, அதே அரண்மனை. கறுப்புத் தரை இப்போதும் முகம் தெரிகிற மாதிரிதான் இருக்கிறது. ஊட்டுப்புரையைக் காட்டி, தினமும் ஆயிரக்கணக்கான பேருக்கு இங்கே சாப்பாடு என்றார் கைடு. யாருக்கு என்று கேட்டேன். பிராமணர்களுக்கு என்றார். நெல் யார் விளைவித்தது என்று கேட்டேன். "தம்பி, பின்னால ஆள் நிக்குது, நடங்க" என்றார்.

திருவட்டாறு, மாத்தூர் தொட்டிப்பாலம், குலசேகரம், பேச்சிப்பாறை. நீ ஸ்டேட்டஸில் பார்த்த படங்கள் பொய்யில்லை. பச்சை அப்படித்தான் இருக்கிறது, மழை இறங்கும்போது மலை அப்படித்தான் மறைகிறது. ஆனால் நான் படத்தில் விட்டதும் உண்டு. சிதறால் பக்கம் ஒரு குன்றின் பாதி இல்லை. வெட்டி எடுத்திருக்கிறார்கள். கல் லாரிகள் வரிசையாக கேரள எல்லை தாண்டி நம் பக்கம் வருகின்றன. நான் லாரி போகும் வரை காத்திருந்து, வெட்டாத பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போட்டேன். எண்பது பேர் இருதயம் போட்டார்கள். மாமா கைகூப்பும் படம் போட்டார்.

இரண்டாம் நாள் பனச்சமூடு, வெள்ளறடை வழியாக அம்பூரிக்கு ஏறினேன். முச்சந்தியில் ஒரு சாயாக்கடை. மஸ்கட்டில் வேலை பார்க்கும் அஜேஷ் வீடு எது என்று கேட்டேன். கடைக்காரர், "வீட்டுப்பேரு?" என்றார். தெரியாது என்றேன். டம்ளரைக் கழுவிக்கொண்டே, "வீட்டுப்பேரு இல்லண்ணா அப்ப காலனி ஆளாக்கும். நேரே போயி இடப்பக்கம் திரும்பணும்" என்றார்.

அவ்வளவுதான் அக்கா. அப்பா அனுப்பிய வேலை ஒரு டம்ளர் கழுவும் நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர், "தம்பிக்கு எவிட? வீட்டுப்பேரு?" என்று என்னையும் கேட்டார். பாறசாலை, புத்தன்விளை வீடு என்றேன். யோசிக்காமல், கொஞ்சம் நிமிர்ந்துகூடச் சொல்லியிருப்பேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் மீதி இடத்தைத் துடைத்தார். யாரும் அங்கே உட்காரப் போவதில்லை. ஆனாலும் துடைத்தார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அங்கேயே திரும்பியிருக்கலாம். ஏன் திரும்பவில்லை என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உனக்குப் பிடித்தவனின் வீட்டைப் பார்க்காமல் அவனைப் பற்றித் தகவல் கொண்டுபோகக் கூச்சமாக இருந்தது என்று வைத்துக்கொள்.

அது சர்க்கார் கட்டிக்கொடுத்த லட்சம் வீடு காலனி. போர்டில் இப்போது 'நகர்' என்று புதிதாக எழுதியிருக்கிறது. வழி சொல்பவன் எவனும் அப்படிச் சொல்வதில்லை. வீடுகளுக்கு நம்பர்தான். அஜேஷ் வீட்டில் முப்பத்தேழு என்று நீல பெயிண்டில் எழுதியிருந்தது. பைக்கை நிறுத்துவதற்குள் ஓர் அம்மா வெளியே வந்து, தொழிலுறுதித் திட்ட நூறு நாள் வேலையிலிருந்து வந்த சேற்றுக் காலோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாய் திறக்கவில்லை. "மஞ்சுவுக்க தம்பியில்லியா? அதே மூக்கு!" என்றார். அதுதான் அம்மிணி அம்மா. உன் போட்டோ அவர் போனில் உண்டு.

பெண் வீட்டிலிருந்து முதல் ஆள் வந்திருப்பதாக அவர் நினைத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டார். அஜேஷின் தங்கை நீது கல்லூரியிலிருந்து வந்ததும் வராததுமாகக் கடைக்கு ஓடினாள். மரச்சீனிக்கிழங்கும் மீன் கறியும் வைத்துவிட்டு, "எங்க வீட்டுல உண்ணுவியா மக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தார். நான் இரண்டு தடவை வாங்கித் தின்றேன். சத்தியமாக ருசியாக இருந்தது.

நான் எதுவும் விசாரிக்கவில்லை. அவரேதான் சொன்னார். "வீட்டுப்பேரு கேட்டிருப்பாவளே உங்க அப்பா? இதுக்கு பேரில்ல மக்கா. முப்பது வருஷமா நம்பருதான். மஞ்சு வந்து ஒரு பேரு வைக்கட்டும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு காலனித் தண்ணீர் டாங்கைக் காட்டி, கட்டின நாளிலிருந்து ஒழுகுகிறது, கட்டினவன் வீட்டுக்குள் தண்ணீர் தேங்கி நிற்கட்டும் என்று திட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

புறப்படும்போது ஒரு முழுப் பலாப்பழத்தை, வரிக்கைச் சக்கையை, சாக்கில் கட்டிப் பின் சீட்டில் வைத்தார், நம் அம்மாவுக்கு. வாசலில் பைக்கை நிறுத்தி, பின்னால் மலை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். மலை அன்று அவ்வளவு அழகாக இருந்தது. வீடு படத்தில் விழாதபடி பார்த்துத்தான் எடுத்தேன். காட்டாக்கடை வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. சக்கை எங்கிருந்து என்று கேட்டால் என்ன சொல்வது? பஸ் ஸ்டாப்பில் சிமெண்ட் பெஞ்சின் மேல் அதை வைத்துவிட்டு வந்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் இதை எழுதத்தான் அதிகம் கஷ்டப்பட்டேன்.

வீட்டில் அப்பாவிடம், விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை என்று சொன்னேன். பிறகு அறைக்குப் போய் அந்த மலைப் படத்தை ஸ்டேட்டஸில் போட்டேன்.

படத்தின் ஓரத்தில் டாங்கு இருந்தது, அக்கா. பாசி பிடித்த ஒரு விரிசல் மேலிருந்து கீழே வளைந்து இறங்குகிற டாங்கு. அதைக் கட்டின கான்ட்ராக்டர் நம் மாமா. தன் வேலையின் விரிசல் அவருக்குத் தெரியாதா? அரை மணி நேரத்தில் வீட்டில் வந்து நின்றார். "எலே, அந்தக் காலனியில உனக்கு என்ன ஜோலி?" அப்பா அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. அவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

மறுநாள் மாமா அம்பூரிக்குப் போய் அம்மிணி அம்மாவின் வாசலில் நின்று பேசியது உனக்குத் தெரிந்திருக்கும். முந்தின நாள் தம்பி வந்து தின்றுவிட்டுப் போனான், அடுத்த நாள் மாமன் வந்து மிரட்டினான் என்றால் நீ என்ன நினைப்பாய்? நானாக இருந்தாலும் பிளாக்தான் செய்திருப்பேன்.

அப்பா அழவில்லை, கத்தவில்லை. "எனக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. ஆபீசுல பக்கத்து சீட்டுல இருந்தவன் அவுங்க ஆளாக்கும். ஒரே சோத்துப் பொதியில பங்கிட்டுத் தின்னிருக்கோம்" என்றார். அந்த மனிதரை ஒரு நாளாவது நம் வீட்டுக்குக் கூப்பிட்டதுண்டா என்று கேட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து மாமாவிடம், "நீ சொன்ன மாதிரியே செய்வோம்" என்றார்.

மாமா சொன்னது இதுதான். அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று உன்னைக் கூப்பிடுவார்கள். மாமாவின் சிநேகிதனுடைய மருமகள் நர்ஸாக இருக்கிற ஆஸ்பத்திரியில் ஓர் அறைகூட ஏற்பாடாகிவிட்டது. ஏர்போர்ட்டிலிருந்து மாமாவின் கார் உன்னை எடுத்துவரும். பாஸ்போர்ட்டை மாமா வாங்கி வைத்துக்கொள்வார். தக்கலையில் ஒரு பையனைப் பார்த்திருக்கிறார்கள். தேதி ஜூன் பதினைந்துக்குள்.

நேற்று சாயங்காலம் மாமா அம்மாவைக் கூடத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். "அக்கா, போன் எடுத்த உடனே அழப்பிடாது. முதல்ல ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொல்லணும். அவ ரெண்டு தடவ கேக்கட்டும். மூணாவது தடவ உடையணும்." அம்மா கையில் அரிந்துகொண்டிருந்த பயற்றங்காயோடு கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருதடவை சொல்லிப் பார் என்றார். அம்மா "ஒண்ணுமில்ல மக்கா" என்றாள். "இது நல்லா இருக்கு" என்றார் மாமா. நம் வீட்டில் அது நடந்தது அக்கா, விளக்கு வைக்கிற நேரத்தில்.

வராதே. அம்மா அழுதாலும், மாமா வீடியோவில் அப்பாவைக் கட்டிலில் காட்டினாலும், என் போனிலிருந்து நானே கூப்பிட்டாலும் வராதே. என்னை எதிரில் உட்கார வைத்துப் பேசச் சொல்வார்கள். நான் எவ்வளவு துணிச்சல்காரன் என்பது காட்டாக்கடை பஸ் ஸ்டாப்புக்குத் தெரியும்.

அப்பா வயதானவர். உண்மையிலேயே ஏதாவது ஆகிவிட்டால் நீ வரமுடியாமல் போகக் கூடாது. அதற்காக ஒன்று யோசித்திருக்கிறேன். இதைப் படித்ததும் என் பிளாக்கை எடுத்துவிடு; நிஜமாக இருந்தால் என் செய்தியில் முப்பத்தேழு என்ற எண் எப்படியாவது இருக்கும். மாத்திரை முப்பத்தேழு என்றோ, பஸ் நம்பர் என்றோ, எப்படியாவது. அது இல்லாத எதையும் நம்பாதே. நம் வீட்டில் யாரும் அந்த எண்ணை வாயால் சொல்ல மாட்டார்கள், அது ஒன்றுதான் எனக்கு உறுதி.

அஜேஷ் அண்ணனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அம்மிணி அம்மாவிடம் சக்கை நன்றாக இருந்தது என்று சொல்லாதே. உண்மையைச் சொல்.

அங்கேயே பதிவு செய்துகொள்ளுங்கள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் தம்பி,
ஸ்ரீஹரி.

திங்கள், காலை.

ஒட்டுவதற்கு முன்னால் இதையும் சேர்க்கிறேன். நான் எழுதுவதை அம்மா பார்த்துவிட்டாள். அப்பா பால் வாங்கப் போன நேரத்தில் அடுக்களைக்குக் கூப்பிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அந்த வீட்டில் பாத்ரூம் உள்ளேயா வெளியேயா என்று கேட்டாள். உள்ளேதான் என்றேன். அந்த அம்மா என்ன தந்தாள் என்று கேட்டாள். எல்லாம் சொன்னேன், சக்கையையும் சொன்னேன். அடுப்பைத் தணித்தாள். "இனி போனா வழியில வச்சிட்டு வராத" என்றாள்.

பிறகு கேட் சத்தம் கேட்டது. அப்பாதான். அம்மா என்னைத் தாண்டிப் போகும்போது மெதுவாகச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நான் போன்ல அழுதா அவ வரண்டாம்னு எழுது."