உன் பெயருக்கு நேரே ஐந்து ஊர்

வூஸ்டர், ஒஹாயோ
14 டிசம்பர் 1991

அன்பு நண்பன் டார்னெலுக்கு லைல் எழுதிக்கொள்வது.

இங்கே மார்லாவும் பிள்ளைகளும் நலம். என் முழங்காலும் நலம், யாராவது கேட்டால். இதுவரை யாரும் கேட்கவில்லை. ஜார்ஜியாவில் நீயும் லொரெய்னும் சுகம்தானே? நீ அனுப்பிய பெக்கன் கொட்டைப் பெட்டி நேற்று வந்தது. நன்றி. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இப்போதே ஆரம்பித்தால் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேப்பர் பார்த்தாயா? நம் பேஸ்பால் அணி கழற்றிவிட்ட பழைய ஆட்கள் ஏழு பேரும் இனி எங்கே போகலாம் என்று அரைப் பக்கத்துக்கு ஜோசியம் எழுதியிருந்தார்கள். உன் பெயருக்கு நேரே ஐந்து ஊர். ஒவ்வொரு ஊருக்கும் நீ ஏன் தேவை என்று தனித்தனியாக விளக்கம் வேறு. என் பெயர் கடைசியில் இருந்தது. அதற்கு நேரே 'ஓய்வு பெறலாம்' என்று இரண்டே சொல். நான்கு அடி ஓடினால் மூச்சு வாங்குமே ஹென்ட்ரிக், அவனுக்குக்கூட ஜப்பான் போட்டிருந்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது, டார்னெல். மறைத்து என்ன ஆகப்போகிறது? பதினோரு வருடம் நீ எறிந்த பந்தையெல்லாம் பிடித்தவன் நான். அடுத்து எந்தப் பந்து போடவேண்டும் என்று காலிடுக்கில் விரல் காட்டியவன் நான். மேட்டின் மேல் நின்று பந்து எறிகிற பிட்சரின் முகம்தான் படத்தில் வரும். எதிரே குந்தியிருக்கிற கேட்சருக்குக் கம்பி முகமூடி, அவன் முகம் எவனுக்குத் தெரியும்? அந்தப் பக்கத்தைக் கிழித்து நாயின் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் விரித்தேன். மார்லா எடுத்துத் துடைத்துத் திரும்ப மேஜைமேல் வைத்தாள். "சிநேகிதனுக்கு நல்லது வந்தா சந்தோஷப்படணும். மூஞ்சிய ஏன் இப்படித் தூக்கி வெச்சிருக்கே?" என்றாள்.

செவ்வாய் காலை வண்டியில் பனி தள்ளும் பலகையை மாட்டிக்கொண்டிருந்தேன். மார்லா வாசலில் நின்று, "லைல், போன்! பெரிய டீம்காரங்க! உர்ருனு பேசித் தொலைக்காதே!" என்று கத்தினாள். கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன். மேற்குக் கடற்கரை அணியிலிருந்து கெஸ்லர் என்று ஒருவர். உன் பட்டியலில் முதல் ஊர் அதுதான். அவர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "முழங்கால் ஜோரா இருக்கு சார், தினமும் நூறு தடவை குந்தி எழுந்திரிக்கிறேன்" என்று கொட்டிவிட்டேன். நூறெல்லாம் பொய், நாற்பதுதான். அவர் முழுதாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "ரொம்ப சந்தோஷங்க. உங்ககிட்ட ரெண்டு விஷயம் கேக்கணும். முதல்ல, டார்னெல் ப்ரூயிட்டோட கை எப்படி இருக்கு?" என்றார்.

எனக்காக வந்த போன் இல்லை. உனக்காக வந்தது. என் வீட்டுக்கு, என் மனைவி ஆசையாகக் கூப்பிட்டு.

அந்தக் கேள்விக்கு எந்தக் கேட்சரும் சொல்லும் பதில் உனக்கே தெரியும். 'அவன் நல்லாத்தான் இருக்கான்.' கை கழன்று தொங்கினாலும் அதுதான் பதில். நான் விளையாட வந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. எத்தனையோ பேர் எத்தனையோ பிட்சர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றும் அதைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். "ஆனா ஆகஸ்டுக்கு அப்புறம் அவன் எத்தனை கர்வ் போட்டான்னு எண்ணிப் பாருங்க" என்றும் சொன்னேன்.

உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். நான் இரண்டு விரல் காட்டினால் நீ வளைந்து விழும் கர்வ் பந்து போடவேண்டும். முழங்கை வலித்தால் நீ தொப்பியைத் தொடுவாய், நான் உடனே ஒரு விரலாக்கி நேர்ப் பந்து கேட்பேன். செப்டம்பரில் நீ தொப்பியைத் தொடாத ஆட்டமே இல்லை. பயிற்சியாளருக்குத் தெரியாது. லொரெய்னுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

கெஸ்லர் மரியாதையாக நன்றி சொன்னார். "ரெண்டாவது விஷயம் இனிமே தேவைப்படாதுங்க" என்று வைத்துவிட்டார். உண்மையைத்தானே சொன்னேன், அவன் கைக்கு நல்லதுதானே என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. உன் கையை நான் நினைக்கவே இல்லை. உன் ஐந்து ஊர் நான்காகட்டும் என்றுதான் நினைத்தேன். சொன்ன அந்த நிமிஷம் எனக்கு இனித்தது.

நேற்றுப் பேப்பரில், மேற்குக் கரைக்காரர்கள் வேறு பிட்சரை எடுத்துக்கொண்டதாகச் செய்தி. பகலில் உன் பெட்டி வந்தது. கொட்டைக்கு மேல் இருந்த உன் சீட்டை மார்லாதான் உரக்கப் படித்தாள். "டேய் கிழவா, மேற்குக் கரைக்காரன் கூப்பிட்டான். லைலையும் சேத்து எடுத்தா வர்றேன், இல்லேன்னா ஆள விடுன்னுட்டேன். என் கையப் பத்தி அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்னேன். உனக்கு போன் வரும். பிகு பண்ணாம சரின்னு சொல்லு."

மார்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். "அப்போ அந்த ரெண்டாவது விஷயம் நீதான்" என்றாள். பிறகு, "உன் தலையில நீ மண்ண வாரிப் போட்டுக்கிட்டே, அது உன் பாடு. அவன் தலையிலயும் எதுக்குய்யா போட்டே?" என்றாள். பெட்டியைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். உன் பதில் வந்த பிறகுதான் அதில் இனிப்புப் பலகாரம் செய்வாளாம்.

இன்று காலை கெஸ்லரைக் கூப்பிட்டு, "பொறாமையில சொல்லிட்டேன் சார்" என்றேன். "பொய் சொன்னீங்களா?" என்று கேட்டார். என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

மீதி நான்கு ஊர் இருக்கிறது. அவர்கள் கேட்டால், நீ நல்லாத்தான் இருக்கிறாய், அதோடு சரி. ஆனால் அதற்கு முன் முழங்கையை டாக்டரிடம் காட்டு. லொரெய்னிடம் சொல்லிவிட்டுப் போ. இனி யாரிடமும் என்னைச் சேர்த்துக் கேட்காதே. நீ தனியாகப் போய் ஜெயித்தால் பேப்பரைப் பார்த்து மறுபடி எனக்கு வயிறு எரியும், அது நிச்சயம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ நன்றாக இருக்கவேண்டும் என்று மனதார வாழ்த்தத்தான் உட்கார்ந்தேன். முழுதாக வரவில்லை, முக்கால்தான் வருகிறது. இருப்பதை அனுப்புகிறேன்.

கையுறைக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் கையைச் சோதித்துப் பார்க்க எதிரே ஆள் வேண்டுமென்றால் ஒரு வரி எழுது. வண்டியை எடுத்துக்கொண்டு ஜார்ஜியாவுக்கு வந்து குந்துகிறேன். ஒரு விரல்தான் காட்டுவேன். நீயாகக் கேட்கிறவரை இரண்டு காட்ட மாட்டேன்.

பதினோரு வருடம் உன் எதிரே இருந்த,
லைல் ஹோஸ்டெட்லர்